செட்டிநாட்டுச் சரளையில் மஹிந்திரா தார்: வண்டி சரி, தடம் யாருடையது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்தில் மஹிந்திரா தார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம ஊர்க் காட்டுத் தடத்துக்கு இது தாங்குமா?" தாங்கும். தேவைக்கு மேலேயே தாங்கும். சிக்கல் வேறு. இந்த மண்ணில் நாலு சக்கர இழுவை உண்மையில் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகைச் சகதியில். அந்த மாதங்களில்தான் அந்தத் தடங்களில் எந்த வண்டியும் போகக்கூடாது. மண் காய்ந்து, போனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்கிற மாசி, பங்குனியில் பின்சக்கர இழுவையே போதும். வாங்குவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த மாடலுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

இங்கே பேசுவது 2020 அக்டோபரில் வந்த மூன்று கதவு தார், 2.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் மாடலைப் பற்றி. 130 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அந்த முறுக்குவிசை 1600 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஊர்ந்து போகலாம். சரளைக் காட்டில் இதுதான் வேண்டிய குணம். வேகமாகச் சுற்றும் சக்கரம் சரளையைத் தோண்டித் தள்ளும், மெதுவாகச் சுற்றும் சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும்.

செட்டிநாட்டு மண்ணைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே உருண்டைச் சரளை, அடியில் இறுகிய செம்புறாங்கல் பாறை. திண்ணையில் கேழ்வரகைப் பரப்பிவிட்டு அதன்மேல் நடப்பதைப் போன்ற தரை. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவிலும் இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதுதான் வண்டி சொன்னபடி கேட்காமல் தன் போக்கில் சறுக்கும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், உதிரிச் சரளையில் ஏபிஎஸ் வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டத்தான் செய்யும். ஃபோர் ஹை, அதாவது நாலு சக்கர இழுவை, போட்டிருப்பதும் பிரேக்குக்கு உதவாது. புறப்படவும் ஏறவும்தான் அது உதவும், நிற்பதற்கு இல்லை. இறக்கம் வந்தால் வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, லீவரை நாலு சக்கர இழுவையின் மெதுவான நிலையான ஃபோர் லோவுக்குத் தள்ளி, முதல் கியரில் பிரேக்கைத் தொடாமல் இறக்குங்கள். ஃபோர் லோ பல்விகிதம் ஏறக்குறைய இரண்டரைக்கு ஒன்று என்பதால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய சக்கரம் மண்ணைச் சுரண்டிக்கொண்டு இறங்கினால் அடுத்த மழையில் அந்தச் சுரண்டல்தான் ஓடையாகும்.

இன்னொன்று. இந்த வண்டியில் முன், பின் அச்சுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் ஹையைப் போட்டபடியே பிள்ளையார்பட்டி ரோட்டில் ஏறி வளைந்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் கனக்கும், இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கு ஏறும், லீவர் திரும்பி வராமல் அடம் பிடிக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் நேராக இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் போங்கள், முறுக்கு இறங்கி லீவர் வந்துவிடும். ரோடு ஏறுவதற்கு முன்பே பின்சக்கர இழுவையான டூ ஹைக்கு மாற்றிவிடுவது நல்லது.

பின் அச்சில் உள்ள மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே சுற்று வித்தியாசம் நிமிடத்துக்கு நூறைத் தொட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநர் பட்டன் எதுவும் அழுத்த வேண்டாம். ஆனால் அது பூட்டிக்கொள்ளவே சக்கரம் கொஞ்சம் சுழல வேண்டும். பழக்கமில்லாதவர் சக்கரம் சுழன்றவுடன் பயந்து காலை எடுத்துவிடுவார், பூட்டு விழாது, "லாக்கர் வேலை செய்யவில்லை" என்று சர்வீஸ் சென்டரில் போய் நிற்பார். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் ஒரு நொடி பிடித்தாலே போதும், 'டக்'கென்று விழுந்து வண்டி நகரும். எல்லா மாடலிலும் இது இல்லை. சிலவற்றில் பிரேக்கால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் முறை மட்டுமே உண்டு. புக் செய்யும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தரை இடைவெளி 226 மி.மீ. முன்புறமோ பின்புறமோ வயிறோ தட்டாமல் ஏறி இறங்கக்கூடிய சரிவைச் சொல்லும் கோணங்கள்: முன்கோணம் 41 டிகிரிக்கு மேல், பின்கோணம் 36க்கு மேல், நடு வயிற்றுக் கோணம் 27. இந்த எண்களை வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கிக் காட்டும் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரைச்சரிவு ஒன்றுக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய 26, 27 டிகிரி. ஏறிவிடும். உச்சியில்தான் வினை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள சக்கர இடைவெளி 2450 மி.மீ. கரையின் உச்சி இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஆளுக்கு ஒரு சாண் வெளியே நிற்கும், வயிறு தட்டாது. உச்சி ஒரு மீட்டராகச் சுருங்கிய இடத்தில் இரண்டு சக்கரமும் இருபுறமும் ஒன்றரை முழம் வெளியே போய் இறங்கிவிடும், வயிறு கரையில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு எந்த லாக்கரும் உதவாது, சக்கரத்துக்குப் பிடி இருக்காது. இதெல்லாம் வண்டிக்கு வரும் கேடு. கரைக்கு வரும் கேடு அதைவிடப் பெரிது. ஒன்றேமுக்கால் டன் வண்டி ஏறி இறங்கிய இடத்தில் இரண்டு கோடாகப் பள்ளம் விழும். மழைநீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்து இறங்கும். உடைப்பு எடுக்கிற கரைகளில் பல இப்படி ஆளோ மாடோ வண்டியோ ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தில்தான் உடைகின்றன. கரையைக் குறுக்கே தாண்டுவது எந்தக் கோணத்திலும் சரியில்லை.

இதே விலை வட்டத்தில் மற்ற வண்டிகளையும் பார்க்கத்தான் வேண்டும். மாருதி ஜிம்னி 1645 மி.மீ. அகலம், தார் 1820. இந்த 175 மி.மீ. காகிதத்தில் ஒன்றுமில்லை. இருபுறமும் சீமைக்கருவேலம் நெருக்கிய வண்டிப்பாதையில் இதுதான் பெயின்ட் மிஞ்சுமா மிஞ்சாதா என்பதைத் தீர்மானிக்கும். ஜிம்னி எடையிலும் ஏறக்குறைய அரை டன் குறைவு, தடம் அவ்வளவு பதியாது. பெட்ரோல் மட்டும்தான், இழுவை குறைவு, குடும்பத்தோடு ஏறினால் திணறும். ஆனால் செட்டிநாட்டுத் தடங்களுக்கு மட்டும் என்று வாங்குகிறவருக்கு எங்கள் கை ஜிம்னியைத்தான் காட்டும். ஐந்து கதவு தார் ராக்ஸ் சக்கர இடைவெளி 2850 மி.மீ., குறுகிய வளைவில் திரும்பாது. அது திருச்சி, மதுரை ஓட்டத்துக்கு. 2023இல் வந்த 1.5 லிட்டர் டீசல் பின்சக்கர மாடல் மாசி முதல் ஆவணி வரைக்கும் இங்கே போதும். ஃபோர் வீலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் டயரும் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வாங்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் துணிக்கூரை வேண்டாம். ஒரு கருவேலங்கிளை உரசினால் போதும், கிழிந்துவிடும். ஹார்ட் டாப்பே நல்லது.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வண்டி நிற்பது பெரும்பாலும் சகதியால் இல்லை, முள்ளால். பெரிய மாடலில் வருவது 255/65 ஆர்18 ஆல் டெரெய்ன் டயர். அதன் தரைப்பட்டைக் கட்டிகள் கனமானவை, சீமைக்கருவேல முள் அதில் ஏறினாலும் பல நேரம் உள்ளே எட்டாது. எட்டுகிற இடம் கட்டிகளுக்கு நடுவில் உள்ள வாய்க்காலும் பக்கச்சுவரும். காற்று இறக்கினால் பக்கச்சுவர் புடைக்கும், புடைத்தால் முள்ளுக்கு வாகாகிவிடும். மணலுக்கு 18 பிஎஸ்ஐ என்று வெளியூர் வீடியோவில் சொல்வதைக் கேட்டு இங்கே இறக்குவது அதனால்தான் தப்பு. சரளைக்கும் செம்மண்ணுக்கும் 24 முதல் 26 பிஎஸ்ஐ போதும். ஓடை மணலில் உண்மையாகவே புதைந்தால் மட்டும் 18க்கு இறக்கி, வெளியே வந்ததும் ஏற்றிவிட வேண்டும். 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோட்டில் ஏறும்போது கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப வேண்டும்.

முள் குத்தினால் உடனே பிடுங்கக்கூடாது. டியூப்லெஸ் டயரில் முள்ளே அடைப்பாக நின்று காற்றைப் பிடித்து வைத்திருக்கும். தட்டையான இடம் பார்த்து நிறுத்தி, பஞ்சர் கிட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முள் ஏறிய கோணத்தைப் பார்த்தபின் இழுங்கள். துளையிடும் ஊசியையும் அதே கோணத்தில்தான் ஏற்ற வேண்டும். நேராகக் குத்தினால் இரண்டாவது துளை விழும், திரி (துளையை அடைக்கும் ரப்பர் பட்டை) போட்டும் காற்று இறங்கும். முள் பாதியில் ஒடிந்து முனை உள்ளேயே தங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. திரி போட்டு ஊருக்கு வந்து மறந்துவிடுவார்கள், முனை மெல்ல உள்ளே உரசிக்கொண்டே இருக்கும், பத்து நாள் கழித்து ரோட்டில் காற்று இறங்கும். ஊருக்கு வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் கையுறை போட்ட கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவர் குத்துக்குத் திரி போடுவது வீடு சேரும் வரைக்கும்தான், அதுவும் மெதுவாகப் போனால். அதை நம்பி மதுரைக்குக் கிளம்பக்கூடாது.

கையோடு இருக்க வேண்டியவை: பத்துத் திரியாவது, ரப்பர் சிமென்ட், நல்ல மூக்குக் குறடு, வால்வு ஊசி இரண்டு, காற்றளவு மானி. கம்ப்ரசர் வாங்கும்போது ஆம்பியரைப் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் 15 ஆம்பியர் சுற்றளவில்தான் இருக்கும். இரட்டை சிலிண்டர் கம்ப்ரசர் 30 ஆம்பியர் வரை இழுக்கும், அதை பேட்டரியில் நேராகக் கிளிப் போட்டு, இன்ஜின் ஓடும்போதுதான் பயன்படுத்த வேண்டும். சாக்கெட்டில் சொருகி ஃபியூஸ் போனால் போன் சார்ஜும் போய்விடும்.

இனி தடம். பொதுவாக ரிவ்யூக்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

"காடு" என்று நாம் பொதுவாகச் சொல்லும் நிலம் செட்டிநாட்டில் குறைந்தது ஆறு பேருடையது. வனத்துறையின் காப்புக்காடு ஒன்று. 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டம் 21ஆம் பிரிவின்படி அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வண்டியில் போனாலும் ஒன்றுதான், நடந்து போனாலும் ஒன்றுதான். வேலி இருக்காது, கேட் இருக்காது, எண் எழுதிய எல்லைக் கல் மட்டும் புதருக்குள் நிற்கும். கேட் இல்லை என்பதால் திறந்த தடம் என்று அர்த்தமில்லை.

இரண்டாவது தைலமரக் காடு. புதுக்கோட்டைப் பக்கம் போனால் வரிசை வரிசையாக நிற்பது. இவற்றில் பெரும்பகுதி திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் வனத்துறை நிலத்தில் வளர்ப்பது. நடுவில் லாரி போகிற அளவு அகலமான நேர்க்கோட்டுத் தடங்கள் இருக்கும், மேப்பில் பார்த்தால் ஆசையாக இருக்கும். அவை வெட்டிய மரத்தை ஏற்றவும் தீ பரவாமல் தடுக்கவும் போட்டவை. பொதுவழி அல்ல.

மூன்றாவது சரணாலயம். மதுரை – திருப்பத்தூர் ரோட்டுப் பக்கத்தில் வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்து 1977இல் பறவைகள் சரணாலயமாயின. பறவைகள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரர்கள் அவர்கள். அங்கே கண்மாய்க்குள் ஜீப்பை இறக்கினால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே ஊர் வந்துவிடும். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

நான்காவது கண்மாய். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறையின் கையிலும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் கையிலும் இருக்கும். சிவகங்கை ஜமீன் பகுதியாக இருந்ததால் பழைய ஜமீன் கண்மாய்களும் இங்கே நிறைய. தண்ணீர் தேங்கும் உள்வாயில் சமூகக் காடு என்று நாட்டுக்கருவேலம் நட்டிருந்தால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். கண்மாய்க்குள் சவுடும் சரளையும் திருடும் டிப்பர்களால் ஊர்கள் நொந்துபோயிருக்கின்றன. இருட்டியபின் கண்மாய்ப் பக்கம் விளக்கு தெரிந்தால் ஊரே கம்போடு வந்து நிற்கும். அவர்களுக்குத் தாரும் டிப்பரும் ஒன்றுதான், அதில் தப்பும் இல்லை.

ஐந்தாவது கோயில்காடு. அய்யனார் கோயிலைச் சுற்றி, சுள்ளி ஒடிக்கக்கூட ஊர் விடாத இடம். புரவி எடுப்புக்கு மண்குதிரைகளைத் தோளில் சுமந்து போகிற பாதை சில இடங்களில் ஜீப் போகும் அகலத்தில் இருக்கும். இருந்தாலும் அது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிற பாதை. எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

மிஞ்சுவது ஆறாவது: வண்டிப்பாதைப் புறம்போக்கும், உரிமையாளர் சம்மதித்த பட்டா நிலமும். செட்டிநாட்டில் தார் நியாயமாக ஓடக்கூடிய தடங்கள் இவைதான். இதுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் குறையாது, யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? முதலில் தமிழ்நாடு அரசின் நிலவரைபடத் தளத்தில் போக நினைக்கும் தடத்தின்மேல் தொட்டால் கிராமமும் புல எண்ணும் கிடைக்கும். பிறகு வருவாய்த்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். அங்கே நிலத்தின் வகை இருக்கும்: ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்), கண்மாய், ஊருணி, வண்டிப்பாதை, காடு. கவனிக்க வேண்டியது ஒன்று. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது. ஒரே தடம் ஓடையைத் தாண்டியதும் மாவட்டம் மாறிவிடும், வனக்கோட்டமும் மாறிவிடும். ஓர் அலுவலகத்தில் வாங்கிய அனுமதி அடுத்த பக்கம் செல்லாது. புலப்படத்தையும் இறக்கிப் பாருங்கள். தரையில் தெரிகிற தடம் புறம்போக்கை விட்டு விலகிப் பக்கத்துப் புன்செய்க்குள் போயிருப்பது சாதாரணம், ஏனென்றால் பழைய பாதையை முள் அடைத்துவிட்டது, டிராக்டர்கள் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டன.

காகிதம் பார்த்தபின் ஊரில் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம், ஊர்ப் பெரியவரான அம்பலகாரரைக் கேட்டால் இன்னும் நல்லது. "அண்ணே, இந்தப் பாதை கண்மாய்க்குள்ள விழுகுதா, கரையைச் சுத்திப் போகுதா?" என்று கேட்டால் போதும், எந்த மாதம் போகலாம் என்பது வரை சொல்லிவிடுவார்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு துண்டாவது போக வேண்டியிருந்தால் உரிய வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்: வண்டி எண், ஓட்டுநர் உரிமம், ஆட்கள் எத்தனை பேர், நுழையும் இடம், வெளியேறும் இடம், நாள், நேரம். வாய்வார்த்தை அனுமதி வாய்வார்த்தையோடு போய்விடும்.

அமெரிக்காவில் இந்தத் தலைவலியை வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள். 1972இல் அதிபர் நிக்சன் போட்ட ஆணை பொதுநிலத்தில் இத்தகைய வண்டிகளுக்கு எது திறந்த தடம், எது மூடியது என்று பிரிக்கச் சொன்னது. 2005இல் அந்நாட்டு வனத்துறை விதி கொண்டுவந்தது: ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் ஒரு வண்டித்தட வரைபடம், இலவசம். எந்தத் தடத்தில் எந்த வகை வண்டி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று அதில் இருக்கும். வரைபடத்தில் இல்லாத தடம் மூடிய தடம், அங்கே பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். 50 அங்குல அகலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று தனித் தடங்கள்கூட உண்டு, தாரெல்லாம் அதில் நுழையவே முடியாது. நமக்கு அப்படியொரு வரைபடம் இல்லாத வரைக்கும் அ-பதிவேடும் அம்பலகாரரும்தான் வரைபடம்.

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் சிலர் விருந்தினரை ஜீப்பில் சுற்றிக்காட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பட்டா நிலத்தில் சொந்தத் தடம் போட நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், வேண்டாத வண்டியை நிறுத்த நினைக்கும் ஊராட்சிகளுக்கும் சில நடைமுறை விஷயங்கள்.

தடத்தை அடைக்கக் கல் நடுவது என்றால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொட்டலில் இரண்டு கல்லை நட்டால் வண்டி பக்கவாட்டில் சுற்றிப் போகும், ஒரு தடம் இரண்டாகும். சிறுபாலம், வரத்துக்கால் தாண்டும் இடம், இருபுறமும் மேடான இடம் பார்த்து நட வேண்டும். இடைவெளி 1.2 மீட்டர் என்றால் பைக்கும் மாடும் ஆடும் போகும், கார் எதுவும் போகாது. மாட்டுவண்டி போக வேண்டிய பாதை என்றால் வண்டியின் அச்சை அளந்து ஒரு சாண் மட்டும் கூட்டி நடுங்கள். எப்படியும் 1.8 மீட்டரைத் தாண்டாவிட்டால் டிப்பருக்கும் தாருக்கும் வழியில்லை. கல்லில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். இரண்டரை அடி வெளியே தெரிய வேண்டும் என்றால் ஒன்றேகால் அடி உள்ளே. இதில் கஞ்சத்தனம் பண்ணினால் டிப்பர்காரர் கயிறு கட்டி இழுத்துப் போட்டுவிடுவார். தீயணைப்பு வண்டி போக வேண்டிய தடத்தில் கல் வேண்டாம். பூட்டுப்போட்ட குறுக்குக் கம்பி போட்டு, சாவியை இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

நீர் இறங்குவதைப் பார்த்துத் தடத்தைப் போட வேண்டும். சரிவோடு நேராக இறங்கும் தடம் இரண்டு மழைக்கு மேல் நிற்காது. சரிவுக்குக் குறுக்காகப் போட்டு, இடையிடையே தடத்தையே லேசாகத் தாழ்த்தி மேடாக்கி, தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுங்கள். சகதி வந்தால் நடுவிலேயே போக வேண்டும் அல்லது திரும்பிவிட வேண்டும், சுற்றிப் போகக்கூடாது. ஆளுக்கு ஒருவர் சுற்றிப் போனால் அடுத்த வருடம் பத்தடித் தடம் முப்பதடியாகியிருக்கும். அளவுகோல் எளிது: சக்கரத்தடம் இரண்டு விரற்கடைக்கு மேல் பதிந்தால் மண் இன்னும் ஈரம், அன்றைக்கு வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் மூடி, தை கழிந்து மண்ணைப் பார்த்துத் திறப்பது நம் வடகிழக்குப் பருவமழைக்குப் பொருந்தும். ஒரே நேரத்தில் நாலு வண்டிக்கு மேல் அனுப்பாதீர்கள். 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் புழுதி பக்கத்துக் கொல்லையில் காயும் மிளகாயில் போய் விழும். கோடையில் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, மந்தையை மேய்க்கும் கீதாரி கை காட்டும் வரை நில்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கம்பெனி சொல்வது 650 மி.மீ. ஆழம். அது நிற்கிற தண்ணீருக்கு. தரைப்பாலத்தில் ஓடுகிற தண்ணீர் முழங்காலைத் தொட்டால் நின்றுவிடுங்கள். மணிமுத்தாறு, பாம்பாறு வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். வந்தால் ஒரே நாளில் வந்து பாலத்தின் ஓரத்தை அறுத்துவிட்டுப் போகும். கலங்கிய தண்ணீரில் அறுந்த ஓரம் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மா சொல்லவில்லை, கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் ஒருவர் நடந்து பார்க்கட்டும்.

கோடையில் இன்னொரு ஆபத்து. இந்த டீசல் இன்ஜினில் புகைவடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகைக்குழாய்ப் பகுதி கடுமையாகச் சூடாகும். அந்த நேரத்தில் காய்ந்த கோரைப்புல்லின்மேலோ தைலமரச் சருகின்மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும். தைலமர இலையில் எண்ணெய் இருக்கிறது, பற்றினால் அணைப்பது கஷ்டம். வெறும் தரையில்தான் நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் அடியில் குனிந்து பார்த்துச் சிக்கிய புல்லை எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தே போயிருந்தால் வடிகட்டி சுத்தமாகியிருக்காது, திரும்பும்போது ரோட்டில் இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிவிடுங்கள்.

புதைந்தால் இழுக்க: 8 டன் அறுபடு வலிமையுள்ள நெகிழ்கயிறு ஒன்று, 4.75 டன் வேலைச்சுமை எழுதிய வளைவுக் கொக்கி (பவ் ஷேக்கிள்) இரண்டு, மரத்துக்குச் சுற்றும் அகலப் பட்டை ஒன்று. கயிற்றை ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் மாட்டவே கூடாது, உருண்டை அறுந்தால் குண்டாகப் பறக்கும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, ஆட்களைக் கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மரம் வேண்டும் என்றால் முற்றிய பனையின் அடித்தூரில் பட்டையைச் சுற்றலாம். தைலமரம் வேரோடு வரும், இளம்பனை நகரும். கயிற்றை நேராக மரத்தில் கட்டினால் மரத்தின் தோல் அறுத்துக்கொள்ளும், மரத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வண்டியின் குறைகளில் தடத்தில் தொல்லை தருவது ஒன்றுதான்: பின்பார்வை. ஸ்டெப்னி பின்கண்ணாடியில் பாதியை மறைக்கிறது. முள் நெருக்கிய பாதையில் திரும்ப இடமில்லாமல் நூறு மீட்டர் ரிவர்ஸ் வர வேண்டியது இங்கே சகஜம். ஃபோர் லோவில் ரிவர்ஸ் போட்டு, ஒருவரை இறக்கிப் பின்னால் கை காட்டச் சொல்லி வாருங்கள். முன் சஸ்பென்ஷன் தனித்தனி என்பதால் பின் அச்சு அளவுக்கு ஏறி இறங்காது. குறுக்குப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பதற வேண்டாம்.

திரும்பி வந்ததும் வெறுமனே தண்ணீர் அடித்து விடாதீர்கள். தரையில் உள்ள வடிகால் அடைப்பைத் திறந்து உள்ளேயும் கழுவலாம், ஆனால் கம்பளத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். சீமைக்கருவேல நெற்று டயர்க் கட்டிகளிலும் மட்கார்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டு வாசலில் கழுவினால் வீட்டு வாசலில் முளைக்கும், ஊர் எல்லையில் உதறிவிட்டு வாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் சேர்ந்த புல்விதையை உள்ளிருந்து வெளியே காற்றடித்து எடுங்கள், வெளியிலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் இறங்கியிருந்தால் அடுத்த நாளே இரண்டு அச்சுகளின் டிஃபரன்ஷியல் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.